பெயிண்ட் டப்பா திறப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

பொங்கலுக்குள் வீட்டுக்கு பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று மார்கழியில் கிளம்புவது சென்னையில் வழக்கம். அக்டோபரில் தொடங்கிய பருவமழை ஓய்ந்தே சில வாரம்தான் ஆகியிருக்கும். மழைநீர் இறங்கிய சுவர் தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உள்ளே ஈரம் போயிருக்காது. அதன்மேல் அடிக்கும் பெயிண்ட், கோடையில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும்.

சந்தேகமாக இருந்தால் ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளை, காற்று புகாதபடி நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர்முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பொங்கல் போனால் போகட்டும், மாசியில் அடிக்கலாம்.

ஓதம் அடித்த இடத்தில் பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசும் மாவுக் கலவை) வைத்து மறைப்பதுதான் நான் பார்த்தவற்றில் மோசமான தவறு. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரின் மறுபக்கம் பாத்ரூமா? மேலே மொட்டைமாடியில் விரிசலா? தரைத்தளத்தில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் ஊறியிருந்தால் ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் பணம் வீண்.

வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தண்ணீரில் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, உதிரும் பூச்சைச் சுரண்டிவிட்டு அப்புறம் பட்டி பாருங்கள். பட்டியையும் ஒரே பூச்சாகக் கெட்டியாக அப்பினால் வெடிக்கும். மெல்லியதாக இரண்டு முறை இழுப்பது நல்லது. உப்புத்தாள் போட்ட பிறகு அந்தத் தூசியைத் துடைக்காமலே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிப்பவர்கள் நிறைய. தூசியில் ஒட்டிய பெயிண்ட் தூசியோடு வந்துவிடும்.

பழைய வாடகை வீடுகளில் டிஸ்டெம்பர் என்ற மலிவான மாவுப் பூச்சு இருக்கும். உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அதைச் சுரண்டி, கழுவி, காயவிட்டுத்தான் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடிக்க வேண்டும்.

கதவு, ஜன்னலில் உள்ள பழைய எனாமல் பெயிண்டைக் காய்ந்தபடியே தேய்க்க வேண்டாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் அதிகம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நிறத்தைக் கடையிலேயே முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா வாங்கி சுவரில் ஓரிடத்தில் அடித்து, பகல் வெளிச்சத்திலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்துக்கொண்டு, மொத்தமாக ஒரே தடவை வாங்குங்கள். பாதியில் இன்னொரு டப்பா கலக்கினால் நிறம் கொஞ்சம் மாறலாம். மிச்சமான பெயிண்டை இறுக மூடி, ஷேட் நம்பரை மூடிமேல் எழுதி வையுங்கள். ஆணி பிடுங்கிய இடத்தை அடைக்கும்போது தேவைப்படும்.