எலாஸ்டிக்சர்ச் கிளையன்டுக்கு உள்நுழைவுப் பக்கம் எழுதும் முறை

எலாஸ்டிக்சர்ச் ஒரு தேடுபொறி; நிரலிலிருந்து அதனோடு பேச உதவும் நூலகம்தான் கிளையன்ட். அதன் ஆவணத்தில் எப்படி உள்நுழைவது என்று விளக்கும் பக்கத்தை யாரும் ஆற அமர வாசிப்பதில்லை. இணைப்புக் கிடைக்காமல் திரையில் பிழை வந்து நிற்கும்போதுதான் தேடிக்கொண்டு வருவார்கள். அதனால் இணைப்பு எந்த ஒழுங்கில் தடைப்படுமோ, அதே ஒழுங்கில் எழுதுங்கள். முதலில் சான்றிதழ் (சேவையகம் உண்மையானதுதான் என்று காட்டும் கோப்பு), அடுத்தது வந்தவர் யார், கடைசியில் அவருக்கு என்ன அனுமதி.

உதாரணத்துக்கு ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வோம். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவைப் பதிவுகள் எலாஸ்டிக்சர்ச்சில் இருக்கின்றன. டிவிஷன் (தோட்டப் பிரிவு), மலை, செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) இலக்கம், நிறை என்று தேடிப் பார்க்க ஒரு பைதன் செயலி. முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பது அந்த நிறையில்தான் முடிவாகும். ஆகவே தேடிப் பார்க்க வேண்டிய செயலிக்குத் திருத்தும் அனுமதி போய்விடக் கூடாது. உங்கள் பக்கத்திலுள்ள மாதிரி நிரலும் இந்தக் கவனத்தோடு இருக்க வேண்டும். வாசகர் எதைப் பார்த்தாலும் அப்படியே எடுத்து ஒட்டுவார்.

பக்கத்தின் தலையிலேயே கிளையன்டின் பதிப்பு எண்ணைப் போடுங்கள். 7-ஆம் பதிப்புக்கு எழுதிய பழைய உதாரணங்களில் ‘எச்டிடிபி ஆத்’ என்ற அளவுரு இருக்கும். 8-இல் அதன் இடத்துக்கு ‘பேசிக் ஆத்’ வந்தது. அளவுருப் பெயர்களை நிரலில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கொடுங்கள். விளக்கம் மட்டும் தமிழில் இருந்தால் போதும்.

2022 பெப்ரவரியில் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது. சேவையகத்தை முதன்முறை தொடக்கும்போது ‘எலாஸ்டிக்’ பயனரின் கடவுச்சொல், சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகை (அதை அடையாளம் காட்டும் குறியீடு), கிபானாவுக்கான (எலாஸ்டிக்சர்ச்சின் தரவைத் திரையில் காட்டும் கருவி) பதிவு டோக்கன் ஆகிய மூன்றும் திரையில் வரும். அந்த டோக்கனுக்கு ஆயுள் 30 நிமிடம். அது கிபானாவை இணைப்பதற்கு உரியது. பார்ப்பதற்கு நீளமாக இருப்பதால் பலர் அதையே ஏபிஐ கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செயலி காட்டும் திறவுகோல்) என்று நினைத்து ஒட்டுகிறார்கள். ‘இது கிளையன்டுக்கு உதவாது’ என்று ஒரு வரி எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். கடவுச்சொல் தவறிவிட்டால் சேவையகத்தின் ‘பின்’ (bin) அடைவிலுள்ள கடவுச்சொல் மாற்றும் கருவியை ஓட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

சான்றிதழ்க் கோப்பு, கட்டமைப்பு அடைவுக்குள் ‘செர்ட்ஸ்’ அடைவில் இருக்கும். டோக்கரில் (மென்பொருளைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் கருவி) ஓட்டினால் அதைக் கொள்கலனிலிருந்து வெளியே நகலெடுத்து, அந்தப் பாதையைக் கிளையன்டுக்குக் கொடுக்க வேண்டும். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்க வேண்டும். சேவையகத்தின் 9200 துறைக்கு (போர்ட்) வெறும் எச்டிடிபியில் போனால் சேவையகம் பதில் தராமல் இணைப்பை மூடிவிடும். அப்போது கடவுச்சொல் பிழையென்று எண்ணி மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் கடவுச்சொல் அதுவரை சரிபார்க்கப்பட்டிருக்கவே இல்லை.

மலையகத்தில் அடிக்கடி அகப்படும் இன்னொன்று, கணினியின் தேதி. பழைய மேசைக்கணினியின் மதர்போர்ட் பெட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கிளையன்ட் மறுக்கும். ‘சான்றிதழ்ப் பிழையென்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்’ என்று எழுதுங்கள். சரிபார்ப்பை நிறுத்தும் அளவுருவைத் தீர்வாகக் காட்டவே வேண்டாம். சோதனைக்கு என்று போட்டது அப்படியே நிலைத்துவிடும்.

பெயர்–கடவுச்சொல் முறைக்கு இரண்டு பத்தி போதும். சேவையகத்தைச் சரிபார்க்கவும் முதல் ஏபிஐ கீயை உருவாக்கவும் மட்டும் ‘எலாஸ்டிக்’ பயனரைப் பாவிக்கச் சொல்லுங்கள். பேரர் டோக்கனுக்கு (வைத்திருப்பவரை உள்ளே விடும் தற்காலிகச் சீட்டு) அதிலும் குறைவாக எழுதலாம். யார் அந்த டோக்கனைத் தருவார், காலாவதியானால் எங்கே புதுப்பிப்பது என்பவற்றைச் சொன்னால் சரி.

ஏபிஐ கீக்குத்தான் இடம் ஒதுக்க வேண்டும். உருவாக்கும் வேண்டுகோளில் பெயர், காலாவதி, அனுமதி விவரம் மூன்றையும் நிரப்பிக் காட்டுங்கள். காலாவதியை விட்டால் கீ காலாவதியாகவே ஆகாது. அனுமதி விவரத்தை விட்டால் உருவாக்கியவரின் அன்றைய அனுமதி முழுவதும் கீக்கு வந்துவிடும். ‘எலாஸ்டிக்’ பயனராக உருவாக்கியிருந்தால், நிறுவைப் பதிவை அழிக்கும் அதிகாரமும் அதில் அடக்கம். நம் செயலிக்கு 30 நாள் காலாவதியும், நிறுவை இன்டெக்ஸில் (பதிவுகளின் தொகுப்பு) வாசிக்கும் அனுமதியும் போதும்.

பதிலில் கிளையன்டுக்கு வேண்டியவையாக அடையாள எண், கீ, குறியாக்கிய வடிவம் என்று மூன்று மதிப்புகள் வரும். குறியாக்கியதைத் தனியாகக் கொடுக்கலாம், அல்லது அடையாள எண்ணையும் கீயையும் சோடியாகக் கொடுக்கலாம். கீயை மட்டும் கொடுத்தால் உள்ளே போக முடியாது. இரகசியப் பகுதியைப் பிறகு எடுத்துப் பார்க்க வழியில்லை, தவறவிட்டால் புதியது உருவாக்க வேண்டும். காலாவதி நேரம் மில்லி செக்கனில், உலகப் பொது நேரப்படி வரும். இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். கீ, கடவுச்சொல், பேரர் டோக்கன் மூன்றில் ஒன்றை மட்டுமே கிளையன்ட் ஏற்கும். இரண்டைக் கொடுத்தால் வேண்டுகோள் போகுமுன்பே பைதன் பிழை காட்டும்.

இணைந்ததா என்று பார்க்கப் பெரும்பாலான வழிகாட்டிகள் ‘இன்ஃபோ’ அழைப்பைக் காட்டுகின்றன. அதற்குக் கிளஸ்டரைக் (சேவையகங்களின் கூட்டம்) கண்காணிக்கும் அனுமதி வேண்டும். வாசிக்க மட்டும் உருவாக்கிய கீயில் அது 403 என்ற பிழை எண்ணைத் தரும், கீ சரியாக இருந்தாலும். பாதுகாப்புப் பகுதியிலுள்ள ‘ஆதென்டிகேட்’ அழைப்பைக் காட்டுங்கள். யாராக உள்ளே வந்திருக்கிறோம், எந்த முறையில் வந்திருக்கிறோம் என்பதை அது சொல்லும்.

401 என்றால் ஆளை அடையாளம் காணவில்லை. 403 என்றால் ஆள் சரி, அனுமதி இல்லை. நேரம் முடிந்தது என்று வந்தால் உள்நுழைவை விட்டுவிட்டுச் சிக்னலைப் பார்க்கச் சொல்லுங்கள். மலைச்சரிவிலிருந்து மொபைல் டேட்டாவில் வேலை செய்பவருக்கு இந்த ஒரு வரி அரைநாளை மிச்சப்படுத்தும்.

எழுதி முடித்ததும், எலாஸ்டிக்சர்ச்சைத் தொட்டுப் பார்க்காத ஒருவரிடம் புதிய கணினியில் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்யக் கொடுங்கள். அருகில் நின்று உதவி செய்யாதீர்கள். அவர் எங்கே நின்று கேட்கிறாரோ அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது. அவர் முடித்த பிறகு சோதனைக் கீயைச் செல்லாததாக்கி, அதே நிரலை இன்னொரு முறை ஓட்டுங்கள். வரும் 401 செய்தியை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்துப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். தேடி வருபவர் அந்தச் செய்தியைத்தான் தேடலில் ஒட்டுவார்.