ஆக்சிமீட்டர் மாட்டும் முன் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள்

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டும் முன் உள்ளங்கைகளை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, 5 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். பிறகு கையை நெஞ்சு உயரத்தில் வைத்து நடுவிரலில் மாட்டுங்கள். விரல் வழியே ஒளியைச் செலுத்தி, ரத்தத்தின் நிறத்தைத்தான் அந்தக் கருவி அளக்கிறது. விரல் ஜில்லிட்டிருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறையும். நகப்பூச்சு இருந்தால் ஒளி தடைபடும். கொரோனா நோயாளி இருக்கும் வீட்டில் 91 என்று காட்டிப் பதறவைப்பது சில நேரம் இதுதான். மாட்டியதும் தெரியும் முதல் எண்ணை நம்பவே வேண்டாம். எண் தாவாமல் நிற்க ஒரு நிமிடமாவது ஆகும்.

மறுபடி பார்த்தும் 94-க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சுத்திணறலோ, உதட்டில் நீலமோ தெரிந்தால் கை தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், எண் 98 காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிதான். கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டியே காட்டலாம்.