கிக்ஸ்டார்ட்டர் பக்கம் வடிவமைப்பது எப்படி? புதிய டிசைனர்களுக்கான படிகள்

ஸ்டார்ட்அப் நிறுவனம் ஒரு புதிய கருவிக்காக, பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டப் போகிறது, பக்கம் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டுபவரால் கருவியைத் தொட்டுப் பார்க்க முடியாது; உங்கள் படங்களை நம்பித்தான் கட்டுகிறார். இலக்குத் தொகை எட்டாவிட்டால் ஒரு டாலர்கூடக் கைக்கு வராது.

படி 1: உண்மையான மாதிரியைப் படம் எடுங்கள்

நிஜம்போலத் தெரியும் ரெண்டர் (கணினியில் உருவாக்கிய) படங்களை வன்பொருள் திட்டங்களுக்கு கிக்ஸ்டார்ட்டர் 2012-லேயே தடை செய்துவிட்டது. சரியான முடிவு. இயங்கும் மாதிரியை ஜன்னல் வெளிச்சத்தில், கையில் பிடித்தபடி எடுங்கள். அளவு உடனே புரியும். வீடியோவில் விளக்கொளி துடித்தால் ஷட்டர் வேகம் மின்சாரத்தோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். இந்தியாவில் 1/50 அல்லது 1/100, அமெரிக்காவில் 1/60 அல்லது 1/120 நொடி வையுங்கள்.

படி 2: முகப்புப் படம்

16:9 விகிதம், குறைந்தது 1024×576 பிக்சல். அதை 300 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி போனில் பாருங்கள். என்ன பொருள் என்று தெரியவில்லையா? பின்னணியைக் காலி செய்யுங்கள். படத்தின்மேல் எழுத்து வேண்டாம். தலைப்புக்குத் தனியாக 60 எழுத்துகள் வரை இடம் உண்டு.

படி 3: கதைப் பகுதி

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். விளக்கம் முழுவதையும் அழகான பேனராகச் செய்து ஏற்றிவிடுகிறார்கள். கணினியில் 680 பிக்சல் அகலத்தில் தெரியும் படம் போனில் ஏறக்குறைய 340-க்குச் சுருங்கும். 16 பிக்சல் எழுத்து 8 ஆகிவிடும், யாராலும் படிக்க முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது எட்டாது. விளக்கத்தை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் எழுதியே ஆக வேண்டிய அளவுக்குறிப்புகளை 680 அகலத்தில் 32 பிக்சலுக்குக் குறையாமல் வைத்து, கோப்பை இருமடங்காக, 1360 அகலத்தில் சேமியுங்கள்.

படி 4: ரிவார்டும் பெட்டியும்

பணம் கட்டியவருக்குப் பதிலாக அனுப்பும் பொருள்தான் ரிவார்டு. அதை நான்கு நிறம், மூன்று அளவு என்று வரைவது எளிது. தொழிற்சாலைக்கு அது 12 வகைச் சரக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று கேட்காமல் பக்கத்தில் காட்டாதீர்கள். ஒருவர் பணம் கட்டியபின் அந்த ரிவார்டை இஷ்டப்படி மாற்ற முடியாது.

பெட்டியின் அளவை இப்போதே முடிவு செய்யுங்கள். பல கூரியர்கள் நீளம் × அகலம் × உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதைக் கிலோ எடையாகக் கணக்கிடுகின்றன; அதுவும் உண்மை எடையும் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 20×15×10 பெட்டிக்குள் 250 கிராம் கருவி இருந்தாலும் 600 கிராமுக்குக் கட்டணம். 15×12×6 ஆக்கினால் கணக்கு 216 கிராமுக்கு இறங்கும். அப்போது உண்மை எடைதான் கட்டணத்தைத் தீர்மானிக்கும். கிக்ஸ்டார்ட்டரின் 5 சதவீதமும் பணப்பரிமாற்றக் கட்டணமும் போக மிச்சத்தில் இந்தக் கூரியர் கட்டண வித்தியாசம் பெரிய தொகை.

விலை தப்பினால் வடிவமைப்பால் காப்பாற்ற முடியாது. 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாமல் தோற்ற 'கூலஸ்ட் கூலர்' என்ற குளிர்பெட்டி, புது வடிவமைப்போடு 2014-இல் திரும்பி வந்து 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஆனால் வாங்கிய பணத்தைவிடத் தயாரிப்புச் செலவு கூடியது. 2019-இல் நிறுவனம் மூடியபோது ஆயிரக்கணக்கானோருக்குக் குளிர்பெட்டி போய்ச் சேரவில்லை.

படி 5: தொடங்கிய பின்

கருத்துப் பகுதியைத் தினமும் படியுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் அதற்கு ஒரு வரைபடம் செய்து அன்றே பக்கத்தில் சேருங்கள்.