குறைமாதக் குழந்தை பால் குடிக்கத் திணறினால்: தைராய்டு சோதனையும் மாத்திரையும்

முதலில் வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள். 31 வாரத்தில் பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தைக்கு இன்றைக்கு 34 வாரம்தான். உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒன்றோடொன்று இசையத் தொடங்குவது ஏறக்குறைய இந்த வாரத்தில்தான். அதற்கு முன் குடிக்கத் திணறினால் பெரும்பாலும் முதிர்ச்சி போதாததே காரணம். 36, 37 வாரம் கடந்தும் ஒவ்வொரு வேளையும் எழுப்ப வேண்டியிருக்கிறதா? நாலு மடக்கில் தூங்கிவிடுகிறதா? கூடவே மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போவது, மலம் இறுகுவது, உடம்பு சில்லென்றிருப்பது, அழுகை கரகரப்பது, நாக்கு தடித்துத் தெரிவது, தொப்புள் பிதுங்குவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தைராய்டு சோதனை பற்றிக் கேளுங்கள். இவை எதுவும் இல்லாமலும் தைராய்டு குறைவு இருக்கலாம். அதனால்தான் ரத்தப் பரிசோதனையை விடக் கூடாது.

பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டை முடுக்கிவிடும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) நார்மல் என்று வந்தால் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு அந்த நிம்மதி போதாது. தைராய்டை முடுக்கிவிட வேண்டிய மூளைப்பகுதி இன்னும் முதிராததால், தைராய்டு குறைந்திருந்தாலும் டி.எஸ்.எச். உடனே ஏறாது, சில வாரம் கழித்தே ஏறும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் டோபமின் மருந்தோ ஸ்டீராய்டோ கொடுத்திருந்தாலும் அது அடங்கியே இருக்கும். ஆகவே இரண்டு முதல் நான்கு வாரத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவு) இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டாவது சோதனையின் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். டி4 மட்டும் குறைந்து டி.எஸ்.எச். சரியாக இருப்பது இக்குழந்தைகளிடம் சகஜம். பெரும்பாலும் தானே சீராகும், மறுசோதனைதான் முடிவு சொல்லும். தோலிலோ தொப்புளிலோ போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி தடவாதீர்கள். பிஞ்சுத் தோல் அயோடினை உள்ளிழுத்துக்கொள்ளும், தைராய்டு மந்தமாகிவிடும்.

நோய் உறுதியானால் லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை தருவார்கள். வழக்கமான அளவு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும்போது புட்டியில் 25 மைக்ரோகிராமா, 50-ஆ, 100-ஆ என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

கொடுக்கும் முறை இது. உலர்ந்த ஸ்பூனில் மாத்திரையை வைத்து, இன்னொரு ஸ்பூனின் அடிப்பக்கத்தால் மாவாக நசுக்குங்கள். கறந்த தாய்ப்பால் 1 அல்லது 2 மி.லி. விட்டுக் கரைத்து உடனே புகட்டுங்கள். பிறகு அதே ஸ்பூனிலும், புகட்டிய பாலாடையிலும் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) 1 மி.லி. பால் விட்டுச் சுழற்றி அதையும் கொடுங்கள். கொஞ்சம் மருந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முழுவேளைப் பாலில் கலந்தால், குழந்தை மீதி வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். நாளைக்கென்று கரைத்து வைக்கவும் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அவ்விரண்டும் எழுதாத சீட்டே அபூர்வம் என்பதால் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. தைராய்டு மாத்திரை காலையில், இரும்பு மாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோயா பால்பவுடரும் மருந்தை உறிஞ்சவிடாது.

பாலாடையில் புகட்டும்போது குழந்தையைத் துணியில் சுற்றி, தலையும் கழுத்தும் நிமிர்ந்திருக்க, சாய்வாக மடியில் பிடியுங்கள். பாலாடையின் மூக்கை வாய்க்குள் திணிக்காமல் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சிறிது சாயுங்கள். தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பின்பே அடுத்த சாய்ப்பு. கண் செருகினால் உள்ளங்காலைத் தடவி எழுப்புங்கள்; தூங்கும் வாயில் ஊற்றினால் புரையேறும். ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் போராட வேண்டாம்: குடித்து ஏறும் எடையை அந்த உழைப்பே தின்றுவிடும்.

நேற்றுவரை நன்றாகக் குடித்த குழந்தை இன்று திடீரென மறுத்தால், உதடு நீலித்தால், மூச்சு நின்று நின்று வந்தால், வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தைராய்டு இப்படித் திடீரென்று காட்டாது; கிருமித்தொற்றோ குடல் கோளாறோ இருக்கலாம்.

மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அன்றைய மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு கொடுங்கள். எடை கூடக்கூட அளவு மாறும். குழந்தை சுறுசுறுப்பாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சு வழக்கமாக 3 வயதை ஒட்டித்தான் வரும், அதுவும் மருத்துவரின் கண்காணிப்பில்.