பழைய லாரியில் மேனிபோல்டு கசிவு: ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது எப்படி?

சேலத்திலிருந்து லோடோடு தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரியில் வந்து நிற்கும் லாரியின் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அதாவது எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாய், கொதித்துக் கிடக்கும். வார்ப்பிரும்பு சூட்டில் நீளும், ஆறினால் சுருங்கும். அந்த இழுப்பை வருடக்கணக்கில் தாங்குவது, மேனிபோல்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் மரை போட்ட கம்பிகளான ஸ்டட்டுகள்தான். பெரும்பாலும் இரண்டு ஓரத்து ஸ்டட்டுகளே முதலில் அறும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் வந்து, எஞ்சின் சூடேற ஏறக் குறைகிறதா? ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பாகம்) மேனிபோல்டு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

முந்தின இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவையுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நட்டு முரண்டு பிடித்தால் ஸ்பேனரில் பைப் மாட்டி இழுக்க வேண்டாம். கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி, ஆயில் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஸ்டட் ஒடிந்தால் ஒரு நாள் வேலை.

ஒடிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் அடித்து, சிவப்பு அடங்கியதும் மெதுவாகத் திருப்புங்கள். வெல்டிங் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுக்கும்.

வெளியே நீட்டாமல் ஹெட்டோடு மட்டமாக ஒடிந்திருந்தால்தான் பொறுமை வேண்டும். அரத்தால் தட்டையாக்கி, நட்டநடுவில் சென்டர் பஞ்சால் புள்ளிக்குழி அடித்து, சின்ன டிரில் பிட்டில் துளைக்க ஆரம்பியுங்கள். வரும் தூளைக் கவனியுங்கள். ஸ்டட் இரும்பு சுருளாக வரும். கறுப்பாக மாவு மாதிரி வந்தால் பிட் விலகி வார்ப்பிரும்பு ஹெட்டைத் தின்கிறது, உடனே நிறுத்துங்கள். துளை நடுவில் இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் (துளைக்குள் கடித்துப் பிடித்து ஒடிந்த துண்டைத் திருப்பும் கருவி) போட்டுக் கழற்றலாம். ஹெட்டில் மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச்சுருள்) போட்டால் பழைய அளவு ஸ்டட்டே உட்காரும்.

மேனிபோல்டு முகத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். கோணியிருந்தால் லேத் பட்டறையில் முகம் சீவி வாங்குங்கள். கோணிய முகத்தில் புது கேஸ்கட் நிலைக்காது.

புது ஸ்டட், புது கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு மூன்று சுற்றாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு உங்கள் எஞ்சின் மேனுவலில் இருக்கும். கிருஷ்ணகிரி வரை ஒரு நடை லோடு ஓட்டிவிட்டு, ஆறியபின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து, அந்த 'டிக் டிக்' வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.