‘ட்யூ’ என்னும் ஆங்கிலப் பெயரடையைக் கையாளும் முறை

‘இந்த மாத ட்யூ கட்டியாகிவிட்டதா?’ என்று தவணைக்கே பெயராக வைத்துப் பேசிப் பழகிவிட்டதால், ஆங்கிலத்தில் ‘ட்யூ’ முதன்மையாக ஒரு பெயரடை என்பது நமக்கு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. வங்கிக்கு எழுதும்போது தவணையை ‘இன்ஸ்டால்மென்ட்’ என்று குறித்து, ‘மை இன்ஸ்டால்மென்ட் இஸ் ட்யூ ஆன் த ஃபிஃப்த்’ என்று எழுதுவதே அம்மொழியின் மரபு. ‘ட்யூஸ்’ என்று பன்மையில் வந்தால் அது பெயர்ச்சொல். சங்கச் சந்தா, நிலுவை போன்றவற்றைக் குறிக்கும்.

வாக்கியத்தில் இச்சொல் நிற்கும் இடத்தைக் கவனித்தாலே பெரும்பகுதிக் குழப்பம் தீரும். ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின் வந்தால், கொடுபட வேண்டியதையோ குறித்த நேரத்தில் எதிர்பார்க்கப்படுவதையோ அது சுட்டும். ‘த ட்ரெயின் இஸ் ட்யூ அட் சிக்ஸ்’ என்றால் கால அட்டவணைப்படி வண்டி 6 மணிக்கு வர வேண்டும் என்றுதான் பொருள். வந்துவிடும் என்ற உறுதி அதில் இல்லை, இதை நம் ரயில் பயணிகளுக்கு விளக்கத் தேவையில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தாலோ, ‘ட்யூ கேர்’, ‘ட்யூ ப்ராசஸ்’ என்பவற்றில் உள்ளதுபோல, ‘தக்க’, ‘உரிய’ என்ற பொருளே பெரும்பாலும் அமையும். ‘ட்யூ டேட்’ இதற்கு விலக்கு: பணம் கட்ட வேண்டிய கடைசி நாளையும், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கணக்கிட்டுக் குறிக்கப்படும் பிரசவ நாளையும் அது குறிக்கும். கெடு கடந்துவிட்டால் ‘ஓவர்ட்யூ’.

அதிகம் தடுமாற வைப்பது ‘ட்யூ டு’. ‘காஸ்ட் பை’ (இதனால் விளைந்தது) என்று மாற்றிப் பார்த்தும் வாக்கியம் நின்றால் எவரும் குறை சொல்ல முடியாது. ‘த டிலே வாஸ் ட்யூ டு ரெயின்’ அத்தகையது. ‘த மேட்ச் வாஸ் கேன்சல்ட் ட்யூ டு ரெயின்’ என்பதைப் பழைய இலக்கணக்காரர்கள் ஏற்பதில்லை, ஏனெனில் அங்கே அது பெயரை விட்டு வினையைத் தழுவுகிறது. இன்று அதுவும் பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது என்றாலும், தேர்விலும் அலுவல் கடிதத்திலும் ‘பிகாஸ் ஆஃப்’ என்று எழுதிவிடுவதே பாதுகாப்பு. ‘ஷீ இஸ் ட்யூ டு ரிட்டயர் இன் மே’ என வினை தொடரும்போது காரணப் பொருள் இல்லை; மே மாதம் ஓய்வு பெறவிருக்கிறார் என்பதே செய்தி.

விடுப்புக் கடிதங்களில் வரும் ‘ட்யூ டு ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. காரணப் பொருளில் ‘ட்யூ டு’வுக்குப் பின் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல்லோ பெயர்ச்சொல் தொடரோதான் வரும், ஆகவே ‘ட்யூ டு ஃபீவர்’ என்று நிறுத்திக்கொள்ளலாம், அல்லது ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கலாம்.