யோனிமடல் பயொப்சி: துண்டு எடுப்பதிலிருந்து ரிப்போட் வரை

யோனிமடலில் வரும் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பது, தோலின் மேற்படைக் கலங்களில் தொடங்கும் செதிள்கல வகைதான். அதை இனம்பிரிப்பதில் வரும் பிழைகளில் பல நுணுக்குக்காட்டிக்கு முன்னமே நடந்துவிடும்.

1. எடுத்தல்
4 மில்லிமீற்றர் பஞ்ச் (வட்டமாகக் குத்தியெடுக்கும் கத்தி) போதும். புண்ணின் நடுவில் குத்தினால் செத்த சதைதான் வரும். ஓரத்தில், பக்கத்துத் தோலும் கொஞ்சம் சேர, அடித்தோல் வரை இறக்கி எடுங்கள்.

2. அனுப்புதல்
துண்டைப்போல் 10 மடங்கு, 10 சதவீத நடுநிலைப் போமலின். மூதூரிலோ புல்மோட்டையிலோ எடுத்தது திருகோணமலைக்கு மறுநாள் வந்தாலும் பரவாயில்லை. 6 முதல் 72 மணித்தியாலம் ஊறலாம். சேலைனில் (உப்புநீரில்) போட்டால் இந்த வெக்கையில் கலங்கள் அழுகிவிடும். படிவத்தில் வயது, இடம், தோல் வெளுத்திருக்கிறதா, எவ்வளவு காலமாகச் சொறிவு என்பதை எழுதுங்கள். 'புண்' என்று மட்டும் எழுதி வரும் படிவத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

3. மெழுகில் வைத்தல்
எல்லாம் கெடுவது இங்கேதான். துண்டை விளிம்பில் நிறுத்தி வையுங்கள். மேற்தோல் ஒரு பக்கம், அடித்தோல் மறுபக்கம் தெரியவேண்டும். சரிந்து கிடந்தால் கத்தி சாய்வாக வெட்டும். கீழிறங்கும் மேற்தோல் முளைகள் தனித்தனித் தீவுகளாகத் தெரியும், ஊடுருவல், அதாவது புற்றுநோய் அடித்தோலுக்குள் இறங்கிவிட்டது, என்று பிழையாக வாசித்துவிடுவோம். தீவைச் சுற்றி நார்த்திசு எதிர்வினை இருக்கிறதா, கலங்கள் திடீரென இளஞ்சிவப்பாக முதிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மெழுகுக் கட்டியை மீண்டும் உருக்கித் திருப்பி வைத்து வெட்டுங்கள்.

4. வகை
உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு எச்பீவி (மனித பப்பிலோமா வைரசு) சார்ந்தது, சாராதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. பீ16 புரதத்தைக் காட்டும் சாயம் அடிவரிசைக் கலங்களிலிருந்து இடைவெளியின்றி அழுத்தமாகப் பிடித்தால் முதலாவது. திட்டுத்திட்டாகப் பிடிப்பதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். இரண்டாவது வயதானவர்களில், லைக்கன் ஸ்கிளெரோசஸ் (தோல் வெளுத்துச் சொறியும் நாட்பட்ட அழற்சி) உள்ள தோலில் வருவது. பெரும்பாலும் பீ53 மரபணு மாறியிருக்கும். பீ53 சாயம் அடிக்கலங்களில் கடுமையாக ஏறுவது போலவே அறவே இல்லாமல் போவதும் மாற்றம்தான், புதியவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இந்த இரண்டாவது வகையின் முன்நிலை சாதாரண அழற்சி போலவே இருக்கும். அடிவரிசைக் கருக்களை 40 மடங்கு வில்லையில் பாருங்கள்.

5. ஆழம்
கட்டி 2 சென்ரிமீற்றருக்குள், ஊடுருவல் 1 மில்லிமீற்றருக்குள் என்றால் நிலை 1ஏ. கவட்டு நிணநீர்க்கணுக்களை எடுக்கத் தேவையில்லை. அதைத் தாண்டினால் கணுக்களையும் பார்க்கவேண்டும். இந்த முடிவைக் குத்தியெடுத்த துண்டில் சொல்லாதீர்கள், கட்டி முழுதாக வரட்டும். முன்பு பக்கத்து அடித்தோல் முகட்டிலிருந்து அளந்தார்கள். 2021 ஃபீகோ (சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பு) முறை பக்கத்திலுள்ள, ஊடுருவாத, ஆனால் புற்றுக்கு முந்திய மாற்றம் கண்ட, மிக ஆழமான மேற்தோல் முளையின் அடியிலிருந்து அளக்கச் சொல்கிறது. ஒரே கட்டி இரண்டாவதில் ஆழம் குறைவாக வரும். ஆகவே எந்த முறையில் அளந்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.